வெட்டத் தெரிந்தால் எடுக்க வரும்



கண்டனூரிலிருந்து ஓர் ஆச்சி கடிதம் எழுதியிருக்கிறார். நம் இதழை நெடுநாளாகப் படிப்பவர். பேரன் காரைக்குடியில் விஸ்காம் படிக்கிறான். விடுமுறையில் கூட்டாளிகள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து ஒரு குறும்படம் எடுத்திருக்கிறான். அப்பத்தாவையே நடிக்கவும் வைத்துவிட்டான். கடிதத்தை அவர் வார்த்தையிலேயே தருகிறேன்:

“முறத்தை எடுத்துக்கிட்டு ரெண்டாம் கட்டுலேர்ந்து வளவுக்கு வரணும், உக்காந்து வத்தலைக் கிளறி விடணும். இதான் எனக்கு வேலை. ஒருவாட்டி செஞ்சா பத்தாதா? எட்டுவாட்டி நடக்க விட்டுட்டான். ‘முறம் அப்ப இடது இடுப்புல இருந்துச்சு, இப்ப வலது பக்கம் வச்சிருக்கீக’ன்னு சத்தம் வேற. மறுநாளும் அதே சேலையைத் துவைக்காமக் கட்டுங்கங்குறான். இதெல்லாம் ஒரு படிப்பா? இந்த அழகுல ஒரு லட்சத்துக்கு மேல வெல சொல்லி காமிரா கேக்குறான். வாங்கிக் குடுக்கலாமா?”

ஆச்சி கேட்டிருப்பது இரண்டு கேள்விகள். முதல் கேள்விக்குப் பதில்: ஆமாம், இது படிப்புத்தான். பேரன் சரியாகத்தான் படிக்கிறான். இரண்டாவது கேள்விக்குப் பதில்: காமிரா இப்போதைக்கு வேண்டாம். நம் வாசகர்களில் பலர் வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருப்பதால் காரணத்தை எல்லோருக்கும் பொதுவாகவே சொல்லிவிடுகிறேன்.

எட்டுத் தடவை ஏன் நடக்க வேண்டும்? திரையில் அப்பத்தா ஒரே ஒரு முறைதான் நடப்பார். ஆனால் அந்த ஒரு நடையைப் பார்வையாளர் பல இடங்களிலிருந்து பார்ப்பார். முகப்பிலிருந்து வீடு முழுவதும் தெரிகிற மாதிரி ஒரு ஷாட். படியிறங்கும் காலுக்கு ஒன்று. வற்றலைக் கிளறும் விரலுக்கு ஒரு குளோசப். வாசலில் யாரோ வருகிற அரவம் கேட்டு நிமிர்கிற முகத்துக்கு ஒன்று. வந்தவன் தோளுக்குப் பின்னாலிருந்து அப்பத்தாவைப் பார்க்கும் ஷாட் ஒன்று; இதைத்தான் நம் சினிமாக்காரர்கள் ‘சஜஷன்’ என்கிறார்கள். இருப்பது ஒரே காமிரா. ஆகவே ஒவ்வொரு கோணத்துக்கும் அப்பத்தா முதலிலிருந்து நடந்து வரவேண்டும். ஒவ்வொரு முறையும் முறம் அதே இடுப்பில், முந்தானை அதே செருகலில் இருக்க வேண்டும். முதல் ஷாட்டில் இடப்பக்கம் இருந்த முறம் அடுத்த ஷாட்டில் வலப்பக்கம் போய்விட்டால், பார்க்கிறவருக்குக் காரணம் புரியாது. ஆனால் ஏதோ இடறியது என்று தெரிந்துவிடும். இந்த இடறல் வராமல் காப்பதற்குப் பெயர்தான் கன்டினியூட்டி. கட்டிய பூச்சரத்தில் நார் தெரியக் கூடாது என்பார்களே, அதுமாதிரி.

முறமும் சேலையும் கன்டினியூட்டியின் எளிய பாதி. நோட்டில் எழுதிவைத்தால், போனில் ஒரு படம் பிடித்து வைத்தால் தீர்ந்தது. நம் படப்பிடிப்புகளில் உதவி இயக்குநர்கள் அதைத்தான் காலங்காலமாகச் செய்கிறார்கள். புதிதாக வந்த பையன் கிளாப் அடிப்பான், அவனுக்குக் கொஞ்சம் மூத்தவன் கன்டினியூட்டி எழுதுவான். கஷ்டமான பாதி அசைவிலும் பார்வையிலும் இருக்கிறது.

அசைவை எடுத்துக்கொள்வோம். அப்பத்தா குனிந்து முறத்தைத் தரையில் வைக்கிறார். தூரத்து ஷாட்டிலிருந்து பக்கத்து ஷாட்டுக்கு எங்கே வெட்டுவது? அவர் குனிவதற்கு முன்னால் வெட்டினால் வெட்டு பளிச்சென்று தெரியும். முறத்தை வைத்து முடித்து ஓய்ந்த பிறகு வெட்டினாலும் தெரியும். குனிந்துகொண்டிருக்கும்போதே, கை இறங்குகிற ஓட்டத்தின் நடுவில் வெட்டினால் தெரியாது. பார்க்கிறவரின் கண் கையோடு போய்க்கொண்டிருப்பதால், இடம் மாறியதைக் கவனிக்க அதற்கு நேரமில்லை. சினிமா ஒரு நொடிக்கு 24 ஃப்ரேம்; இந்த மாதிரி வெட்டு நாலைந்து ஃப்ரேம் முன்பின் ஆனாலே பிசிறு தட்டும். இப்படி வெட்ட வேண்டுமானால் குனிகிற அசைவு இரண்டு ஷாட்டிலும் முழுசாக இருக்க வேண்டும். அதற்காகத்தான் குளோசப் எடுக்கும்போதும் “அப்பத்தா, நின்ன எடத்துலேர்ந்து குனிங்க” என்று பேரன் கேட்டிருப்பான். பாதியிலிருந்து தொடங்கியிருந்தால் எடிட்டிங்கில் உட்கார்ந்து தலையில் கைவைத்திருப்பான்.

அடுத்தது பார்வை. வளவில், அதாவது நடுமுற்றத்தில், அப்பத்தா; முகப்பில் பேரன். இருவரையும் இணைத்து மனசுக்குள் ஒரு கோடு போட வேண்டும். இமேஜினரி லைன் என்பது இதுதான். காமிரா அந்தக் கோட்டுக்கு ஒரே பக்கத்தில் இருக்கும்வரை அப்பத்தா வலப்பக்கம் பார்ப்பார், பேரன் இடப்பக்கம் பார்ப்பான். ஒருவரையொருவர் பார்க்கிறார்கள் என்று புரியும். யோசிக்காமல் கோட்டைத் தாண்டிக் காமிராவை வைத்தால் இருவரும் ஒரே பக்கம் பார்ப்பார்கள். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் நல்ல ஷாட். ஒட்டிப் பார்த்தால் யாரோ மூன்றாவது ஆளைப் பார்ப்பது போல இருக்கும். ஒரே ஆளை அடுத்தடுத்து இரண்டு ஷாட்டில் காட்டும்போது கோணம் குறைந்தது 30 பாகையாவது மாற வேண்டும் என்பது இன்னொரு பாடம். அதற்குக் குறைந்தால் படம் துள்ளும்.

இதைப் படிக்கச் செட்டிநாட்டு வீட்டைவிட நல்ல வகுப்பறை கிடையாது. முகப்பில் நின்றால் வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று வாசல்கள் ஒன்றுக்கு நேர் ஒன்றாகப் பின்கட்டு வரை தெரிகின்றன. கோடு ஏற்கெனவே போட்டுக் கிடக்கிறது. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் நடிகர் நிற்க வேண்டிய இடத்துக்குச் சாக்பீஸ் அடையாளம்கூட வேண்டாம். தூணிலிருந்து மூன்றாவது கல், ஐந்தாவது கல் என்று சொல்லிவிடலாம்.

அதே வீடு கடுமையான வாத்தியாராகவும் இருக்கும். வளவுக்கு மேலே திறந்த வானம். சூரியன் மணிக்கு 15 பாகை நகர்கிறது. காலை ஒன்பது மணி வாக்கில், பத்தடி உயரத் தாழ்வாரத்தின் நிழல் இருபது நிமிடத்தில் சுமார் ஒன்றரை அடி உள்வாங்கிவிடும். ஆத்தங்குடிக் கல் கணக்கில் இரண்டு கல்லுக்கு மேல். முதல் ஷாட்டில் நிழலில் இருந்த வற்றல் துணி, குளோசப் எடுக்கும்போது பாதி வெயிலில் இருக்கும். பையன்கள் காலையில் தொடங்கி டிபன் சாப்பிட்டுவிட்டு மெதுவாக வந்து மிச்சத்தை எடுத்தால் ஒரே காட்சிக்குள் இரண்டு பொழுது வந்துவிடும். ஆகவே ஒளி மாறக்கூடிய அகன்ற ஷாட்டை முதலில் முடித்துவிட்டு, ஒரு துணியைப் பிடித்து நிழலைச் சமாளிக்கக்கூடிய குளோசப்பைக் கடைசிக்கு வைப்பார்கள் விஷயம் தெரிந்தவர்கள். அல்லது மறுநாள் அதே நேரத்துக்கு வருவார்கள். ஆச்சியை அதே சேலையில் மறுநாளும் நிற்க வைத்ததற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்கும். பிள்ளையைக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இனி காமிரா விஷயத்துக்கு வருகிறேன். அதை ஏன் இப்போதைக்கு வேண்டாம் என்கிறேன் என்பதை நம் ஊர்க்காரர்களின் கதையிலிருந்தே சொல்கிறேன்.

நம் பக்கத்துக்குச் சினிமா அந்நியமில்லை. காரைக்குடியில் 1907இல் பிறந்த ஏ.வி. மெய்யப்பன், இசைத்தட்டு வியாபாரத்திலிருந்து படத் தயாரிப்புக்குப் போனவர். யுத்த காலத்துக் கஷ்டங்களால் சென்னையை விட்டு நம் தேவகோட்டை ரஸ்தாவுக்கே படப்பிடிப்புத் தளத்தைக் கொண்டுவந்தார். 1947இல் வந்த ‘நாம் இருவர்’, 1948இல் வந்த ‘வேதாள உலகம்’ எல்லாம் இங்கே உருவானவை. அதன்பிறகுதான் அவருடைய ஏவி.எம். ஸ்டுடியோ கோடம்பாக்கத்துக்குப் போனது. இந்தப் படங்களுக்கு முந்திய ‘ஸ்ரீவள்ளி’யில் (1945) கதாநாயகி ருக்மிணி பாடியது மெய்யப்பனுக்குத் திருப்தியாக இல்லை. பி.ஏ. பெரியநாயகியைப் பாடவைத்து, அந்தக் குரலை ஏற்கெனவே எடுத்த படத்தின் உதட்டசைவுக்குப் பொருத்தினார். எடுத்த பிறகும் படத்தைச் சீர்செய்ய முடியும் என்பதை அவர் அந்தக் காலத்திலேயே தெரிந்துவைத்திருந்தார். அதற்கு எடிட்டிங் அறையில் பொறுமை வேண்டும்.

அதே காரைக்குடியைச் சேர்ந்த எஸ்.பி. முத்துராமன், ஏவி.எம். ஸ்டுடியோவில் சேர்ந்தபோது அவருக்குக் கிடைத்த இடம் எடிட்டிங் பிரிவு. மற்றவர்கள் எடுத்துவந்த ஃபிலிமைப் பார்த்து, அடுக்கி, வெட்டி, ஒட்டிப் பழகியவர் பிறகு உதவி இயக்குநராகி, 1972இல் ‘கனிமுத்து பாப்பா’ மூலம் இயக்குநரானார். ‘ஆறிலிருந்து அறுபது வரை’, ‘முரட்டுக்காளை’, ‘சகலகலா வல்லவன்’ என்று அவர் எடுத்த படங்களின் வேகத்துக்கும் தெளிவுக்கும் அடித்தளம் அந்த அறையில் போட்டது என்பது என் எண்ணம்.

அவர் மட்டுமல்ல. ‘பராசக்தி’யைத் தந்த கிருஷ்ணன்–பஞ்சு இரட்டையரில் பஞ்சு, எடிட்டர். அவர்களிடம் உதவி எடிட்டராக இருந்தவர்தான் பின்னால் ‘பாசமலர்’ எடுத்த ஏ. பீம்சிங். அவருடைய மகன் பி. லெனின் தமிழின் முக்கியமான எடிட்டர்களில் ஒருவர். மட்டக்களப்பிலிருந்து வந்து புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்த பாலு மகேந்திராவோ தம் படங்களுக்குக் காமிராவையும் கத்திரியையும் தாமே கையில் வைத்துக்கொண்டார். அவருடைய ‘வீடு’ (1988) படத்தில், கட்டி முடியாத வீட்டைப் பார்க்கத் தாத்தா தனியாக வரும் காட்சியை நம் பிள்ளைகள் ஒருமுறை சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்க்கட்டும். அவர் எந்தப் பக்கம் நடக்கிறார், எதைத் தொடுகிறார், எப்போது முகம், எப்போது சுவர் என்று ஒரு தாளில் எழுதட்டும். ஒரு பருவம் படித்த பாடம் அதில் கிடைக்கும்.

இவர்கள் எல்லோரிடமும் நான் பார்க்கிற பொதுவான விஷயம் ஒன்றுதான்: வெட்டத் தெரிந்தவனுக்கு எடுக்க வருகிறது. எடிட்டிங் மேசையில் இரண்டு மணி நேரம் “இந்த ஷாட் இன்னும் மூன்று நொடி ஓடியிருக்கக் கூடாதா” என்று தவித்தவன், அடுத்த முறை ‘கட்’ சொல்ல அவசரப்பட மாட்டான். “பார்வை எந்தப் பக்கம்?” என்று கேட்காமல் காமிராவை வைக்க மாட்டான்.

ஃபிலிம் இருந்த காலத்தில் அதன் விலையே வாத்தியார். 35 மி.மீ. ஃபிலிம் 1000 அடிச் சுருள் சுமார் 11 நிமிடம்தான் ஓடும். ஒவ்வோர் அடியும் காசு என்பதால் எடுக்கும் முன்பே மனசுக்குள் வெட்டிப் பார்த்துவிடுவார்கள். ரஷ்யப் புரட்சிக்குப் பிந்தைய மாஸ்கோவில் ஃபிலிமே கிடைக்காத பஞ்சம். லெவ் குலெஷோவ் அப்போது மாணவர்களைப் பழைய படங்களின் துண்டுகளை வெட்டி ஒட்டவைத்துப் பாடம் நடத்தினார். சலனமில்லாத ஒரு நடிகரின் முகத்தைச் சூப்புக் கிண்ணத்தோடு ஒட்டினால் பசியாகவும், சவப்பெட்டியோடு ஒட்டினால் துக்கமாகவும் பார்ப்பவர்கள் படித்தார்கள். முகம் ஒன்றேதான். பக்கத்தில் ஒட்டியது வேறு. உலகெங்கும் சினிமா மாணவர்களுக்கு இன்றைக்கும் தொடக்கப் பாடங்களில் ஒன்று அது. இன்று போனில் எவ்வளவு வேண்டுமானாலும் எடுக்கலாம். அதனாலேயே எடுத்துக் குவிக்கிறார்கள், உட்கார்ந்து பார்ப்பதில்லை. விலை கூடின காமிரா வந்தால் குவியல் பெரிசாகும், அவ்வளவுதான்.

எனவே ஆச்சிக்கும் மற்றப் பெற்றோருக்கும் நான் சொல்வது: கையில் இருக்கும் போனே போதும். காசு செலவழித்தே ஆகவேண்டும் என்றால் ஒரு நல்ல ட்ரைபாடும் சின்ன மைக்கும் வாங்கிக் கொடுங்கள். வீட்டில் ஓரளவு வேகமான கம்ப்யூட்டர் இருந்தால் டாவின்ச்சி ரிசால்வ் போன்ற எடிட்டிங் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. அது தரும் வசதிகள் மாணவர் வேலைக்குத் தாராளம்.

பிள்ளைகளுக்கும் சில வார்த்தை. போனில் எடுக்கும்போது ஃபோகஸையும் வெளிச்ச அளவையும் பூட்டிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஆள் அசையும்போதெல்லாம் அதுவாகவே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்து உங்கள் கன்டினியூட்டியைக் கெடுக்கும். அசைவு தொடங்குவதற்கு இரண்டு மூன்று நொடி முன்பே ஓடவிடுங்கள், முடிந்த பிறகும் உடனே நிறுத்தாதீர்கள். ஒரு நோட்டுப் போடுங்கள்: ஷாட் எண், டேக் எண், எந்தக் கையில் பொருள், பார்வை எந்தப் பக்கம், நிழல் எந்தக் கல்லில். எடுத்த அன்று இரவே வெட்டிப் பாருங்கள். விடுபட்டதை நிரப்ப மறுநாள் என்ன பேட்ச் ஷாட் எடுக்க வேண்டும் என்று தானே தெரிந்துவிடும்.

முதல் பயிற்சிக்குக் கண்டனூர்ப் பிள்ளைகள் ரொம்பத் தூரம் போக வேண்டியதில்லை. கண்டனூர் புதுவயல் ஸ்டேஷன் இருக்கிறது. காரைக்குடியிலிருந்து அறந்தாங்கி பக்கம் போகும் ரயிலைத் தண்டவாளத்திலிருந்து தள்ளி நின்று, வேலிக்கு வெளியே பத்திரமான இடத்திலிருந்து, ஒரு பக்கமாக எடுங்கள். இன்னொரு நாள் அதே ரயிலை எதிர்ப்பக்கம் நின்று எடுங்கள். இரண்டையும் ஒட்டினால் போன ரயில் திரும்பி வருகிறது! நூறு பக்கம் படித்தாலும் புரியாத லைன் அந்த இரண்டு ஷாட்டில் புரிந்துவிடும். நேர் எதிரே வருகிற மாதிரி மூன்றாவது ஷாட் ஒன்றை எட்ட நின்று எடுத்து நடுவில் செருகுங்கள். திசை மாறியது உறுத்தாது. பிறகு ‘முரட்டுக்காளை’யின் ரயில் சண்டையைப் போட்டு, ரயில் எந்த ஷாட்டில் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று எண்ணிப் பாருங்கள். முத்துராமன் ‘தி இந்து’ தமிழில் எழுதிய ‘சினிமா எடுத்துப் பார்’ தொடரையும் தேடிப் படியுங்கள்.

மாணவர்கள் எடுத்தால் யார் பார்ப்பார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்குப் பழைய கணக்கு ஒன்றை நினைவூட்டுகிறேன். எல்லிஸ் ஆர். டங்கன் அமெரிக்காவில் சினிமா படித்த கையோடு 1935இல் இந்தியா வந்தார். தமிழ் தெரியாது. மறுவருடம் வந்த ‘சதி லீலாவதி’யை இயக்கினார், எம்.ஜி.ஆருக்கு அதுதான் முதல் படம். சென்னைத் திரைப்படக் கல்லூரியில் படித்த ஆபாவாணனும் கூட்டாளிகளும் 1986இல் ‘ஊமை விழிகள்’ கொண்டுவந்தபோது, காலேஜ் பையன்களுக்கு இது வேண்டாத வேலை என்றவர்கள் தியேட்டரில் வரிசையில் நின்றார்கள். நம் காலத்தில் கலைஞர் தொலைக்காட்சியின் ‘நாளைய இயக்குனர்’ நிகழ்ச்சியில் குறும்படம் காட்டிய கார்த்திக் சுப்பராஜ், நலன் குமரசாமி, பாலாஜி மோகன் எல்லாம் சில வருடத்துக்குள் பெரிய திரைக்கு வந்துவிட்டார்கள்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். கன்டினியூட்டியே சினிமா என்று நினைத்துவிடக் கூடாது. ‘தி இங்கிலீஷ் பேஷன்ட்’ படத்துக்காக எடிட்டிங்குக்கும் ஒலிக்குமாக இரண்டு ஆஸ்கர் வாங்கிய வால்டர் மர்ச், ஒரு வெட்டு நல்ல வெட்டா என்று பார்க்க ஆறு அளவுகோல் சொல்கிறார். உணர்ச்சிக்கு 51 விழுக்காடு, கதைக்கு 23, லயத்துக்கு 10, பார்ப்பவரின் கண் போகும் தடத்துக்கு 7, திரைத் தளத்தின் ஒழுங்குக்கு 5. யார் எங்கே நிற்கிறார்கள் என்ற இடத்தொடர்ச்சிக்குக் கடைசியாக 4. அப்பத்தா கண் கலங்கியது ஒரே ஒரு டேக்கில்தான் உண்மையாக அமைந்தது, அந்த டேக்கில் முறம் பக்கம் மாறிவிட்டது என்றால், முறத்தை விட்டுவிட்டு அழுகையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் எதை விடுகிறோம் என்று தெரிந்து விடுவது வேறு, தெரியாமல் விடுவது வேறு. அந்த நாலு விழுக்காட்டைக் கற்றவனுக்குத்தான் அதை மீற உரிமை உண்டு.

கடைசியாக, வீடு வைத்திருக்கும் வாசகர்களிடம் ஒரு கோரிக்கை. கண்டனூரிலும் சுற்றுவட்டாரத்திலும் எத்தனையோ வீடுகள் வருடத்தில் பெரும்பகுதி பூட்டித்தான் கிடக்கின்றன. உடையவர்களான நீங்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கிறீர்கள். பெரிய கம்பெனிப் படப்பிடிப்புக்கு வாடகை வாங்குவது நியாயம். ஆனால் நோட்டும் போனுமாக வருகிற நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இரண்டு நாள் வளவைத் திறந்துவிடுங்கள். பிள்ளைகளும் பொறுப்பாக இருக்க வேண்டும். சுண்ணாம்புச் சுவரில் டேப் ஒட்டக் கூடாது. ட்ரைபாட் காலுக்கு ரப்பர் இல்லாமல் ஆத்தங்குடிக் கல்லில் இழுக்கக் கூடாது. எந்தப் பொருளை நகர்த்துவதானாலும் முதலில் படம் எடுத்துவைத்து, முடிந்ததும் இருந்த இடத்தில் வைக்க வேண்டும். அதுவும் கன்டினியூட்டிதான்.

எடுத்த படத்தை எங்களுக்கு அனுப்புங்கள். மூன்று நிமிடத்துக்கு மிகாமல் இருக்கட்டும். கூடவே உங்கள் கன்டினியூட்டி நோட்டின் பக்கங்களையும் படம் பிடித்து அனுப்புங்கள். நாங்கள் முதலில் பார்ப்பது அதைத்தான்.

அன்புடன்,
ஆசிரியர்